ஐந்தாண்டு ஒப்பந்தமும் அளவில்லாத உபசாரமும்

விருந்தாளி வருகிறார் என்றதும் பின்வாசலைத் தேடும் இனத்தைச் சேர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் என் பாடு உங்களுக்குப் புரியும். வெளிநாட்டு விருந்தாளிகளைக் கவனிப்பதற்கென்றே எனக்குச் சம்பளம்.

ஹைதராபாத்தில் எங்கள் பகுதிக்கும் பிரான்ஸில் ஒரு மாகாணத்துக்கும் ஐந்தாண்டுக் கல்வி, கலாசார ஒப்பந்தம் இருந்தது. அந்த ஊர் மாணவர்கள் ஒரு பருவம் இங்கே குடும்பங்களோடு தங்கிப் படிப்பார்கள். நம் மாணவர்கள் அங்கே போவார்கள். அதைக் கவனிக்கும் சின்ன அலுவலகத்தில் நான் உதவியாளன். அந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. இங்கிருந்து தேர்வானவர்கள் பாஸ்போர்ட்டோடு காத்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர், என்னைப் போலவே, வீட்டின் முதல் பட்டதாரிகள். புதுப்பிக்காவிட்டால் அவர்களுக்குப் பயணம் இல்லை.

என்ன வேலை என்று சொல்வது?

மல்லாபூரில் எங்கள் தெருவில் படித்த பையன் என்றால் கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் என்றால் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கச்சிபௌலி. காலையில் கம்பெனி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகாத பட்டதாரியை யாரும் நம்புவதில்லை. அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ராஜையா மாமா ஒருநாள் என்னை நிறுத்தி விசாரித்தார். நானும் ஒப்பந்தம், மாணவர் பரிமாற்றம் என்று கவனமாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கூட நின்ற அப்பா பக்கம் திரும்பினார்: “எல்லார் பசங்களும் ஃபாரின் போறாங்க. உன் பையன் ஃபாரினையே இங்க வரவழைக்கிறான். கெட்டிக்காரன்தான்பா!”

சரோஜா அக்கா வீடு

க்ளேர் என்ற பிரெஞ்சு மாணவி செகந்திராபாத் ரயில்வே காலனியில் சரோஜா அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். அக்காவின் கவனிப்பைப் பற்றிக் குறையே சொல்ல முடியாது. அதுதான் குறை. க்ளேர் தட்டை எடுத்தால், “நக்கோ நக்கோ, வேணாம், நீ வைம்மா!” என்று பிடுங்கிக்கொள்வார். துணியை நனைத்தால், “அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?” என்று கண் கலங்குவார். அவள் பஸ்ஸில் போகக்கூடாது என்பதற்காக அக்காவின் கணவர் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். நலம் விசாரிக்கப் போன என்னிடம் க்ளேர் மெதுவாகச் சொன்னாள்: “இந்த வீட்டில் எல்லோரும் வாழ்கிறார்கள், என்னைத் தவிர.”

வாயைத் திறந்த உதவியாளன்

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று முடிவுசெய்ய அந்த மாகாணத்திலிருந்து எலன் என்ற அம்மையார் வந்தார். தங்கள் மாணவர்கள் இனி விடுதியே போதும் என்கிறார்கள், விடுதியில் தங்குவதற்கு இவ்வளவு தூரம் எதற்கு என்றார். எங்கள் இயக்குநர் பத்மா மேடம், குடும்பங்கள் எல்லாம் மிக அன்பானவை என்று பதில் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் எலன் என்னைப் பார்த்து, “வீடு வீடாகப் போகிறவர் நீங்கள்தானே?” என்று கேட்டுவிட்டார்.

பொய் சொன்னால் உடனே மாட்டிக்கொள்ளும் முகம் எனக்கு. “நாங்கள் அவர்களை விருந்தாளியாகவே வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர்களாக விடவில்லை. அதைச் சரிசெய்ய முடியும்” என்றேன். மேடம் மேஜையைப் பார்த்தார். எலன் கேட்டார்: “உங்கள் வீட்டுக்கு நாளை நான் விருந்தாளியாக இல்லாமல் வரலாமா?”

குழாயில் தண்ணீர் வந்தது

எலனுக்கு ஏதாவது வீட்டு வேலை கொடுக்கும்படி அம்மாவிடம் சொன்னேன். “வந்தவங்ககிட்ட வேலை வாங்கவா? ஊர்ல தலைகாட்ட முடியுமாடா?” என்று அம்மா மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டிலிருந்து பீங்கான் தட்டு, புது மேஜைவிரிப்பு எல்லாம் வந்து இறங்கின. எலன் வந்து உட்கார்ந்தார். அம்மா விசிறியை எடுத்தார். ஒப்பந்தம் போச்சு என்று நான் நினைத்தபோது தெருவில் யாரோ, “நீள்ளு ஒச்சினய்!” என்று கத்தினார்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் குழாய்த் தண்ணீர். வந்தால் எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் விருந்தாளி இல்லை. அம்மா விசிறியைப் போட்டுவிட்டு, கையில் கிடைத்த குடத்தை எலனிடம் திணித்து, “பிடிங்க, பிடிங்க, வரிசையில நில்லுங்க!” என்று ஓடினார். எலன் நின்றார். குடம் ததும்பி, அம்மாவுக்குப் பாதிப் புடவையும் எலனுக்கு முழுப் பாவாடையும் நனைந்தன. அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் தெரியாமல் வரிசையில் முன்னால் நுழைந்துவிட்ட எலனைப் பார்த்து, எங்கள் தெரு யாதம்மா போட்டாரே ஒரு சத்தம்: “ஏ தொரசானி! எந்த நாடா இருந்தா என்ன, நான்தான் முன்னாடி வந்தேன்!”

புது விதி

அடுத்த நாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. வந்து தங்கும் மாணவர் ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு வேலையாவது செய்ய வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னார் எலன். அதை என்னையே எழுதச் சொன்னார் மேடம். என் வாக்கியம் இரண்டு மொழிகளில் அச்சாகி ஒப்பந்தத்தில் இருக்கிறது. அப்பா அந்தப் பக்கத்தின் நகலைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போனார். இன்னும் திருப்பித் தரவில்லை. நம் மாணவர்களும் விமானம் ஏறினார்கள்.

விதியைச் சொல்ல சரோஜா அக்கா வீட்டுக்குப் போனேன். பாத்திரத் தொட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு அக்கா சொன்னார்: “ரூல்னா சரிப்பா, அவளே கழுவட்டும். அவ காலேஜுக்குப் போனப்புறம் நான் இன்னொரு வாட்டி கழுவிக்கிறேன்.”

இரண்டு நாடுகளை இணைக்கும் வேலை பார்க்கிறேன் என்று இப்போது தைரியமாகவே சொல்லிக்கொள்கிறேன், அக்காக்களைச் சமாளிப்பதுதான் அதில் முக்கால்வாசி என்பதை மட்டும் சொல்வதில்லை.