எஷ்னா புறப்படாத வருஷம்

என் தங்கை எஷ்னா இந்தக் குளிரில் செத்துப்போனாள். அவள் குடிசைத் தரையைத் தோண்டி அங்கேயே புதைத்தோம். காலமெல்லாம் மண்டியிட்டு வாற்கோதுமை அரைத்தவள். கால்விரல்கள் மடங்கியபடியே இறுகிப் போயிருந்தன, கடைசிவரை நிமிரவில்லை. இங்கே முதலில் குடியிருந்தவள், தைரியசாலி, முன்யோசனைக்காரி என்று இப்போது ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். தைரியசாலிதான், நான் மறுக்கவில்லை. முன்யோசனை என்பதுதான் சுத்தப் பொய். அது எனக்குத் தெரியும்.

அப்போது நாங்கள் நடக்கிற ஜனம். குளிருக்கும் மழைக்கும் பெரிய ஆற்றங்கரையில் கிடப்போம். மழை நின்றதும் மான் கூட்டத்தின் பின்னால் மேட்டு நிலத்துக்குப் போய்விட்டு, அடுத்த மழைக்குத்தான் திரும்புவோம். நடக்கிற பெண்ணின் முதுகில் ஒரு பிள்ளைக்குத்தான் இடம். முதல் பிள்ளை நடக்கப் பழகும் முன் இன்னொன்று பிறந்தால், அதன் நெற்றியில் செம்மண் தடவி, விடியும்போது வெள்ளைப் பாறைக்குக் கீழே விட்டுவிட்டுப் போக வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. தானாக நடந்து ஓடையைத் தாண்டிய பிள்ளைக்குத்தான் பெயர். பெயர் இல்லாதவரை அது விருந்தாளி. வந்தது, எட்டிப் பார்த்தது, போய்விட்டது என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வோம்.

நானும் அப்படி ஒன்றை விட்டேன். எதை முதுகில் தூக்கிக்கொண்டு போனேனோ அதையும் அதே கோடையில் பாம்பு தீண்டிவிட்டது. அதற்குப் பிறகு என் முதுகில் தோல் மூட்டைதான்.

எஷ்னாவின் மூத்தவனுக்கு இரண்டு வயதாகியும் கால் ஊன்றவில்லை; பாலோ என்ற பெயரை அவள் வைத்தது பிறகுதான். அந்த நிலையில், நாங்கள் புறப்படப் பதினோரு நாள் இருக்கும்போது அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. இரண்டாம் நாளே அதைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்த நெருப்பருகே வந்தாள். "இவ பேரு தூமி" என்றாள். அவ்வளவுதான். பெயர் உள்ள ஆளை விட்டுவிட்டுப் போவது கொலை. அதுவும் எங்கள் வழக்கம்தான்.

கூட்டத்தை நடத்திய காருக் அவள் கணவனுக்கு அண்ணன். கொடுமைக்காரன் இல்லை. தன் பிள்ளைகள் இரண்டை அந்தப் பாறையடியில் விட்டவன். ஆனாலும் எழுந்து நின்று கத்தினான்.

"பேரு வெச்சுட்டா முதுகு ரெண்டாயிடுமா?"

யார் தூக்குவது என்று காருக் ஒவ்வொருத்தியாகக் கேட்டான். ஒருத்திக்குப் பால்குடி, ஒருத்திக்கு இடுப்பு வலி, ஒருத்திக்கு நிறைமாதம். கடைசியில் எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பியது. எஷ்னாவும் பார்த்தாள்.

"எம்பிள்ளைய விட்டப்ப யாரு முதுகு குடுத்தீங்க?" என்றேன்.

சொல்லிவிட்டு மூட்டையை இறுக்கிக் கட்டினேன். நியாயமான கேள்விதான். ஆனால் நான் நியாயத்துக்காகக் கேட்கவில்லை. என் வயிறு எரிந்தது, அவள் வயிறும் எரியட்டும் என்றுதான் கேட்டேன்.

"நீங்க போங்க. நான் வரல" என்றாள் எஷ்னா.

அவள் குடிசைக்குப் பின்னால் போன மழையில் தானியப் பை கிழிந்து கொட்டிய இடத்தில் வாற்கோதுமை முளைத்து, பச்சையாக நின்றது. வேறு எந்த ஆதாரமும் அவளுக்கு இல்லை. ஆண்கள் குறைந்தால் வேட்டை நடக்காது என்று அவள் கணவனைக் காருக் இழுத்துக்கொண்டு போனான். அவன் தன் ஈட்டியையும் நாயையும் அவளிடம் விட்டுவிட்டு அழுதுகொண்டே நடந்தான். நான் அழவில்லை. அந்தக் கோடை முழுவதும் இறைச்சி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

மழைக்குத் திரும்பும்போது அவள் பெயரை யாரும் எடுக்கவில்லை. எலும்புகளைப் பொறுக்கிப் புதைக்க வேண்டியிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கரை தெரிந்ததும் புகையும் தெரிந்தது.

எஷ்னா எலும்பும் தோலுமாக இருந்தாள். பாலோ அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். தூமி தரையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். மீனும் ஆற்றுச் சிப்பியும் ஆமையும் தின்று கதிர் முற்றும்வரை ஓட்டியிருக்கிறாள். முற்றிய நேரத்தில் பாலோவுக்குக் காய்ச்சல், அறுக்கப் போக முடியவில்லை. பாதிக்கு மேல் உதிர்ந்துபோனது. உதிராமல் நின்ற கதிர்களை அறுத்து அரைத்துக் கஞ்சி காய்ச்சியிருக்கிறாள். பசியோடு பசியாக ஒரு பங்கை எடுத்துவைத்து, முதல் மழையில் மறுபடி தூவியும் விட்டாள்.

கணவன் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான். காருக் குடிசைக்குள் வரவே இல்லை. வெள்ளைப் பாறைப் பக்கம் போய் நெடுநேரம் நின்றான். அடுத்த கோடையில் ஆறு பேர் நடக்கவில்லை. அவர்களில் நானும் ஒருத்தி.

ஆனால் வந்த அன்று நான் வாசலிலேயே நின்றேன். எஷ்னாதான் வெளியே வந்தாள்.

"எம்மேல கோவமா?" என்று கேட்டேன்.

வாசலுக்குத் தவழ்ந்து வந்த தூமியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருந்துச்சு. பாலோ காய்ச்சல்ல கெடந்தப்ப உன்ன வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஆனா அக்கா, நீ தூக்கியிருந்தா நானும் உங்களோட நடந்திருப்பேன். அடுத்த பிள்ளைக்கு யாரும் முதுகு குடுத்திருக்க மாட்டீங்க, அத அந்தப் பாறையடியில விட்டிருப்பேன்."

மன்னித்தாளா, குத்திக்காட்டினாளா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. தூமியைத் தூக்கி என் கையில் போட்டுவிட்டு அரைக்கப் போய்விட்டாள். பிள்ளை நல்ல கனம்.