காம்பாக்ட்லிக்கு ஓர் உதாரணம்

வீடு மாறுகிறவர்களின் சாமான்களைக் கட்டிக்கொடுக்கும் கம்பெனியில் பெட்டியம்மாவுக்குப் பதினெட்டு வருஷ வேலை. மூன்று லாரி இல்லாமல் முடியாது என்று மற்றவர்கள் கையை விரித்த வீட்டை இரண்டே லாரியில் ஏற்றி அனுப்பியவள். அவள் வீட்டு அலமாரியைத் திறந்தால் துணி தலையில் விழும், அது வேறு கதை.

சூப்பர்வைசர் வேலை காலியானதும் அவளுக்குத்தான் என்றார்கள். புது மேனேஜர் விட்டாரா? வெளிநாட்டுச் சாமான்களின் குறிப்பெல்லாம் இங்கிலீஷில் வருகிறதாம். பத்து வார்த்தைக்கு அர்த்தம் சொல்லி, உதாரணமும் தர வேண்டுமாம். ஒரு வாரம் மகளோடு உட்கார்ந்து உருப்போட்டாள். இதைக் கோட்டைவிட்டால் இந்த இடுப்புவலியோடு இன்னும் பத்து வருஷம் பெட்டி தூக்க வேண்டும். அந்தப் பயத்தில் ராத்திரி சோறு வடிக்கும்போதும் வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மேனேஜர் எதிரில் ஒன்பது வார்த்தை எப்படியோ தாண்டிவிட்டாள். பத்தாவது, காம்பாக்ட்லி.

“கச்சிதமா, சார்.”

“என் விடைத்தாள்ல நெருக்கமான்னுதானே போட்டிருக்கு?”

“நெருக்கமா அடைச்சா பீங்கான் நொறுங்கிடும் சார். இது வேற. கொஞ்ச இடத்துல நிறைய உக்காரணும், ஆனா ஒண்ணை ஒண்ணு இடிக்கக் கூடாது.”

“சரி, உதாரணம் சொல்லுங்க.”

அவ்வளவுதான், படித்த இங்கிலீஷ் மொத்தமும் பறந்துபோனது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி, மேஜையில் கையெழுத்துப் போடாமல் கிடந்த ஆர்டரின் மேல் வைத்தார். “அடுத்த தடவை பாக்கலாம்மா” என்று சொல்லிவிட்டு, வாசலில் கத்திக்கொண்டிருந்த டிரைவரைக் கவனிக்கப் போனார்.

பத்து நிமிஷம் கழித்து வந்தால் மேஜை துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஃபைல், டீ கோப்பை, குடும்பப் படம், மேஜை விளக்கு எதுவுமே இல்லை. நடுவில் ஒரே ஓர் அட்டைப்பெட்டி.

“என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?”

“காம்பாக்ட்லிங்கறது செய்யுற விதத்தைச் சொல்ற வார்த்தைன்னு என் பொண்ணு சொன்னா சார். அதான், செஞ்சே காட்டிட்டேன்.”

மேனேஜர் பெட்டியைக் குலுக்கினார். சத்தமே வரவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணைச் சுருக்கினார். “என் கண்ணாடி எங்கம்மா? அடியிலயா?”

“திறந்து பாருங்க சார்.”

திறந்தார். எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது கண்ணாடி. பக்கத்தில் பேனா. இரண்டுக்கும் கீழே, கையெழுத்துக்காகக் காத்திருந்த சூப்பர்வைசர் ஆர்டர்.

“முதல்ல தேவைப்படுறதைக் கடைசியாத்தானே சார் வைக்கணும்?”