பின் இடது சக்கரம்

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. உட்கார்ந்து கதை கட்டுகிற அளவுக்கு எனக்குப் பொறுமையும் கிடையாது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். சந்தேகம் இருப்பவர்கள் என் அக்காவைக் கேட்டுக்கொள்ளலாம்.

நான் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். மணல், மலை, சேறு என்று ரோடு இல்லாத இடமாகத் தேடிப் போகிற ஜீப்புகள்தான் என்னிடம் அதிகம் வரும். மணலில் இறங்கும் முன் டயரில் பாதிக் காற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் புதைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் காற்றை அளக்கிற சென்சார் ஒன்று உண்டு. காற்று குறைந்தால் போதும், ஓட்டுகிறவர் முன்னால் மஞ்சள் விளக்கு எரியும், 'டிங்' என்று மணி அடிக்கும். வழியெல்லாம் அந்த டிங்கைக் கேட்க யாருக்குப் பிடிக்கும்? எவ்வளவு குறைந்தால் கத்தலாம் என்று அதற்குச் சொல்லிவைப்பதுதான் என் வேலை. கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அன்று முடியவில்லை.

என் அத்தான், அக்கா வீட்டுக்காரர், பழைய ஜீப் ஒன்றை வாங்கியிருந்தார். அன்று சாயங்காலமே அக்காவையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மணல்மேட்டுக்குப் போவதாக ஏற்பாடு. விடுமுறை நாள் என்பதால் பட்டறையில் நான் மட்டும். மதியம் வண்டியைக் கொண்டுவந்து விட்டார்.

"மச்சான், அந்த விளக்கை மட்டும் அணைச்சு வை. ஆறரைக்கு எல்லாரும் இங்கயே வந்து ஏறிக்கிறோம்."

அளவைக் குறைத்து வைத்தேன். விளக்கு அணையவில்லை. பின் இடது சக்கரத்தில் காற்று பதினேழு என்று ஸ்டியரிங்குக்கு முன்னால் உள்ள திரை சொன்னது. கை மீட்டரால் அளந்தால் முப்பத்தைந்து, இருக்க வேண்டிய சரியான அளவு. சரி, சென்சார் போய்விட்டது என்று புதியதை மாட்டினேன். மறுபடியும் பதினேழு. ஒவ்வொரு சென்சாருக்கும் ஓர் எண் உண்டு, அதை வண்டியில் பதிய வேண்டும். புதிய எண்ணைப் பதிந்தேன். எண் பதிகிற கருவியில் பார்த்தால் 704 என்று முடிகிற வேறு ஏதோ எண் இருந்தது. அழித்துவிட்டு மறுபடி பதிந்தேன். மறுபடி 704. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று அக்கா சொல்வாள். அன்று அது மூக்கைத் தாண்டிவிட்டது. ஸ்பேனரை எடுத்துச் சுவரில் எறிந்தேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் தோள் வலித்தது.

நடுவில் அத்தான் வேறு போன் செய்துகொண்டே இருந்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சா நானே சொல்ல மாட்டேனா அத்தான்!"

ஐந்தரை மணிக்கு, எங்கள் தொழிலில் எல்லோரும் செய்து யாரும் வெளியே சொல்லாத வேலையைச் செய்தேன். டயரின் வெளிப்பக்க ஓரத்தை மட்டும் அமுக்கி நாலு சென்சாரையும் உருவினேன், வெறும் வால்வு மாட்டி டயர்களில் மறுபடி காற்றை அடைத்தேன். அவற்றை ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் போட்டு, இரண்டு பக்கமும் மூடி ஒட்டி, முப்பத்தைந்துக்குக் காற்று அடித்தேன். குழாயைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டால், டயரில் என்ன நடந்தாலும் வண்டிக்குத் தெரியாது. எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டு போகும்.

குழாயை அங்கே வைத்தேன். விளக்கு அணைந்தது. அப்பாடா என்று சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டேன். கை கழுவப் போனேன்.

டிங்.

திரும்பிப் பார்த்தேன். வெளியே இருட்டிவிட்டிருந்தது. ஜீப்புக்குள் திரை எரிந்துகொண்டிருந்தது.

சாவி என் பையில்தான் இருந்தது...

கிட்டே போனேன். மூன்று சக்கரங்களுக்கு முப்பத்தைந்து. பின் இடது மட்டும் முப்பத்தொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்தெட்டு ஆனது.

நாலும் இருப்பது ஒரே குழாய்க்குள். ஒரே காற்று. மூன்றுக்கு இருக்கிற காற்று நாலாவதுக்கு மட்டும் எப்படிக் குறையும்?

பக்கத்தில் சூட்டின் அளவும் தெரியும். மற்ற மூன்றும் இருபத்திரண்டு. பின் இடது, முப்பத்தேழு.

காய்ச்சல் இல்லாத மனிதனின் உடம்புச் சூடு.

டிங்.

இருபத்து நாலு.

பின்சீட்டுக்கு அடியில் ஒரு சத்தம். டக்... டக்... டக்... குழாய்க்குள் எதுவோ உருண்டு உருண்டு இடித்தது. வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் சத்தத்தின் வேகம் ஏறியது, யாரோ ஆக்சிலேட்டரை மிதிப்பதுபோல.

டக்டக்டக்டக்...

பயம் ஒரு பக்கம். எரிச்சல் அதைவிட அதிகம். "என்னதான்டா வேணும் உனக்கு?" என்று கத்தியே விட்டேன். குழாயை இழுத்தேன். ரம்பத்தை வைத்து அறுத்தேன்.

ஸ்ஸ்ஸ்...

காற்றோடு மணல் கொட்டியது.

நான் மணல் போடவில்லை.

தலைகீழாகத் தட்டினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

ஐந்து.

ஐந்தாவது பழையது. காற்றடைக்கிற தண்டு வளைந்திருந்தது. உப்புப் பூத்து, மணல் அப்பியிருந்தது. கையில் எடுத்தேன்.

சூடாக இருந்தது...

பின்பக்கம் துடைத்துப் பார்த்தேன். கடைசி மூன்று எண்கள், 704.

திரையில் பின் இடது சக்கரம் பூஜ்யம் காட்டியது. டிங். டிங். டிங். நிற்கவே இல்லை.

ஏன் என்று தெரியாது. ஓடிப்போய் ஜாக்கி வைத்து அந்தச் சக்கரத்தைக் கழற்றினேன். உள்பக்கம் திருப்பினேன். காய்ந்த சேறு. கையால் உதிர்த்தேன்.

என் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. உள்ளே நூல் தெரிந்தது. காற்று இன்னும் கசியவில்லை. மதியத்திலிருந்து அந்தச் சக்கரத்தை இரண்டு முறை கழற்றியும், கோபத்தில் நான் திருப்பியே பார்க்காத பக்கம் அது. மணலில் காற்றைக் குறைத்து, நாலு பேர் பாரத்தோடு வேகமாக ஓட்டினால் அப்படியே கிழிந்திருக்கும்.

மணி நின்றது. திரை தானாக அணைந்தது.

வாசலில் வாடகைக் காரில் வந்து அத்தான் இறங்கினார். பிள்ளைகள் குதித்துக்கொண்டு ஓடி வந்தன.

"ரெடியா?"

"இன்னிக்குப் போக வேண்டாம்."

"என்ன மச்சான் விளையாடுறியா? பசங்க ஒரு வாரமா..."

"போக வேண்டாம்னா போக வேண்டாம்!"

அக்கா கழற்றிக் கிடந்த சக்கரத்தைப் பார்த்தாள். குனிந்து அந்த வெட்டைத் தொட்டாள். பிள்ளைகளைத் திரும்பக் காரில் ஏற்றினாள்.

மறுநாள் காலை அந்த ஜீப்பை விற்ற தரகருக்குப் போன் செய்தேன். முதலில் மழுப்பினார். நான் விடவில்லை.

"உருண்ட வண்டின்னு சொன்னா யாருங்க வாங்குவா? முன்னாடி வச்சிருந்தவரு தனியா மணலுக்குப் போனாரு. பின் இடது டயரு கிழிஞ்சு வண்டி உருண்டுச்சு. காத்து எறங்குனதே அவருக்குத் தெரியலைங்க. அந்த விளக்கு தொந்தரவா இருக்குன்னு சென்சாரை எல்லாம் ஒரு குழாய்க்குள்ள போட்டு வச்சிருந்தாரு."

"அந்தக் குழாய் எங்க?"

"உருண்டப்ப வெடிச்சுருச்சு. மூணு சென்சார்தான் கெடைச்சுது."

"நாலாவது?"



"அது தெறிச்சு அவரு விலாவுக்குள்ள போயிருச்சுங்க. யாரும் வெளிய எடுக்கல. அதோடவே அடக்கம் பண்ணிட்டாங்க."

போன் ஒரு கையில் இருந்தது. மற்ற கையில் அந்த ஐந்தாவது சென்சார்.

ராத்திரி முழுக்க இரும்பு மேசைமேல் கிடந்திருக்கிறது. இன்னும் சூடு ஆறவில்லை.