ஐந்தால் பெருக்காத நாற்பது நொடி

என் மனைவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவள் ஆய்வுக்கூடம் முழுக்கத் தெரியும். தண்ணீர் எப்படி ஓடும், எங்கே சுழலும், எதில் மோதித் திரும்பும் என்று முப்பது வருஷமாக ஆராயும் இயற்பியல்காரி. கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் எதிரில் நிற்பவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அவள் எதிரில் குழாயைத் திறக்கக்கூட எனக்குப் பயம்.

அன்று காலை ஒன்பதரை மணிக்குத் தன் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தவள் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னாச்சு?"

"அஞ்சால பெருக்கலைங்க."

பெரிய கால்வாயின் புது மதகைப் பத்து மணிக்கு முதல்முறையாக மூடிப் பார்க்கப் போகிறார்கள். எத்தனை நொடியில் மூடலாம் என்று சொன்னது இவள்தான். கால்வாயை இருபத்தைந்தில் ஒரு பங்காக ஆய்வுக்கூடத்தில் கட்டி, மூடிப் பார்த்து, நாற்பது நொடி என்று குறித்திருக்கிறாள். நீளம் இருபத்தைந்து மடங்கு என்றால் ஓடும் தண்ணீருக்கு நேரம் அதன் வர்க்கமூலம்; அந்தச் சின்ன மாதிரியில் ஒரு நொடி என்றால் நிஜத்தில் ஐந்து நொடி. இருநூறு என்று எழுதியிருக்க வேண்டும். நாற்பதில் மூடினால் வேகமாக வரும் தண்ணீர் மதகில் முட்டி, அலையாக எழும்பி, வந்த வழியே திரும்பிக் கரைமேல் ஏறும். கரையில் பதினாலு பேர் கல் பதிக்கிறார்கள்.

மதகு இன்ஜினியருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதகு மேடைக்குப் போனைக் கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே சட்டம்.

ஸ்கூட்டரை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்தவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

"சிக்னலைப் பாக்காதீங்க, போங்க!"

பத்து மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். செருப்பை உதறிவிட்டு இரும்புப் படியில் ஓடினாள்.

"மூடாத! கைய எடு!"

இன்ஜினியர் பொத்தானிலிருந்து கையை எடுத்தான். சுற்றிப் பத்து அதிகாரிகள்.

"தப்பு என்னோடது. இருநூறு நொடி," என்றாள், மூச்சு வாங்க. இப்படியொரு பேச்சை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை.

அந்த இன்ஜினியர் அவளிடம் படித்தவன். தலையைக் குனிந்துகொண்டான்.

"நாப்பது ரொம்பக் கம்மின்னு எனக்கும் நேத்தே தோணுச்சு மேடம்."

"அப்ப ஏன் கேக்கல?"

"உங்ககிட்ட போய் எப்படி மேடம் கேக்கறது?"

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கரையில் கல் தூக்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் வாய்க்குப் பயந்து இத்தனை பேர கொன்னிருப்பியேடா," என்றாள்.