முதல் கைத்தட்டல் அக்காவுடையது

கச்சேரிக்கு வந்து உட்கார்ந்ததும் அக்கா மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி என் மடியில் போடுவாள். என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டாள். மோதிரத்தோடு தட்டினால் சத்தம் சுத்தமாக வராதாம், கடிகாரம் மணிக்கட்டில் குதிக்குமாம். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன். "இதையெல்லாம் கையில வச்சுக்கிட்டு நீ எப்படித் தட்டுவே?" என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

நாங்கள் இருவரும் ஒரே சட்டைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறோம். அக்கா பொத்தான்துளை போடும் மெஷினில். நான் கடைசி மேசையில். தைத்து வரும் சட்டைகளில் தொங்கும் நூலைக் கத்தரிப்பேன், தவறு இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து எனக்கு அந்த மேசைதான். அக்கா பேசினால் அத்தனை மெஷினையும் மீறிக் கேட்கும். நான் பேசினால் எனக்கே கேட்காது. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அம்மா அவளைப் பார்த்துச் சொல்வாள். அப்புறம் என்னைப் பார்ப்பாள், பேச்சை மாற்றிவிடுவாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு, நூலகத்தின் மேல்மாடி மண்டபத்தில் கச்சேரி. பாடகி, வயலின்காரர், பியானோக்காரர், தாளக்காரர் என்று எப்போதும் அதே நான்கு பேர். அக்கா முன்வரிசையில் நடுநாற்காலியைப் பிடித்துவிடுவாள். பாட்டு தொடங்கினால் முகவாயை நீட்டிக்கொண்டு முன்னால் சாய்வாள், செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலாலும் தாளம் போடுவாள், வாய்விட்டு "ஆகா" என்பாள். எனக்கும் அதே பாட்டுதான், அதே ஆனந்தம்தான். ஆனால் என்னுடையது கால் பெருவிரலோடு அடங்கிவிடும்.

முதல் வருடம் ஒரு பாட்டின் நடுவே நீண்ட நிறுத்தம் வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்து அக்கா படபடவென்று தட்டிவிட்டாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மெஷின் இரைச்சலில் அவளுக்குக் காது கொஞ்சம் மந்தமாகியிருந்தது. மெல்லத் தேயும் சத்தம் எட்டாது. வீட்டுக்கு வந்து, "இனிமே நான் வரலடி. மானம் போச்சு" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவள் வராவிட்டால் நான் தனியாகப் போகமாட்டேன். அந்தப் பயத்தில்தான் சொன்னேன்: "நான் முழங்கையால இடிக்கிறேன். அப்போ தட்டு."

எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. பாட்டு தொடங்கியதும் வயலின்காரர் இடது குதிகாலைத் தூக்குவார். நடுவே எத்தனை நிறுத்தம் வந்தாலும் இறக்கமாட்டார். பாட்டு நிஜமாகவே முடிந்த பிறகுதான் குதிகால் தரையைத் தொடும். தொங்கும் நூலைத் தேடித் தேடிப் பழகிய கண்ணுக்கு அது அகப்பட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும்தான். என்னுடையது என்று அந்த ஒன்றாவது இருக்கட்டுமே.

குதிகால் இறங்கும், நான் இடிப்பேன், அக்கா தட்டுவாள். பிறகுதான் மண்டபம் தட்டும். வருடங்கள் போகப்போக அவளுக்காகக் காத்திருக்கவே ஆரம்பித்தார்கள். வாசலில் டிக்கெட் கிழிப்பவர், "வாங்க முதல்கை!" என்பார். என்னைப் பார்த்து, "கூட வர்றவங்களும் வாங்க."

தொழிற்சாலையிலும் அதே பேச்சு. "உங்க அக்காவுக்கு என்னமா காது! பாட்டு எங்க முடியும்னு பாடுறவங்களுக்கு முன்னாடியே தெரியுதாமே" என்றாள் காலர் தைப்பவள். பாதிக் காதுக்காரிக்கு இந்தப் பேர்! நாக்கு நுனிவரை வந்தது. நூலைக் கத்தரித்தேன்.

போன வருடம் ஒரு ஞாயிறு, இரண்டாவது பாட்டு முடிந்ததும் பாடகி சொன்னார்: "ஒரு ரகசியம் சொல்றேன். பாட்டை முடிக்கிறது நாங்க இல்ல. முன்னாடி உக்காந்திருக்காங்களே, இந்த அக்கா தட்டினாத்தான் முடிஞ்சதா அர்த்தம். அவங்களுக்கு ஒரு தடவை எல்லாரும் தட்டுங்க."

நூறு பேர் அக்காவுக்குத் தட்டினார்கள். அவள் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்துத் தலை தாழ்த்தினாள். இப்போது என்னைக் காட்டுவாள், "எல்லாம் இவதான்" என்பாள் என்று காத்திருந்தேன். என் கைக்குள் மோதிரம் வேர்த்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். "தண்ணி பாட்டில் எங்கடி?" என்றாள்.

அந்த மாதம் முழுக்க எனக்கு வயிற்றெரிச்சல். அவள் மெஷினிலிருந்து வந்த சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு துளைகூடக் கோணவில்லை. நன்றாக இருந்த இரண்டு சட்டைக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, யாரும் பார்க்கும் முன் பிய்த்துப் போட்டேன்.

அடுத்த கச்சேரியில் நிறுத்தம் உள்ள ஒரு பாட்டு வந்தது. வயலின் வில் நின்றது. பாடகி கண்களை மூடியிருந்தார். குதிகால் மேலேயே இருந்தது. நான் இடித்தேன்.

அக்கா தட்டினாள். அந்த அமைதியில் அவள் ஒருத்தி மட்டும், நான்கு தட்டு. அவள் மூக்கு உடையட்டும் என்று நினைத்தேன்.

பாடகி கண்ணைத் திறந்தார். "அக்கா, வீட்டுல அடுப்பை அணைக்காம வந்துட்டீங்களா? இன்னும் ஒரு சரணம் பாக்கி இருக்கு" என்றார். மண்டபம் அதிர்ந்து சிரித்தது. எல்லாரையும்விட அதிகமாக அக்காதான் சிரித்தாள். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல!" என்று அவள் திருப்பிக் கேட்டதற்கு இன்னொரு சிரிப்பு. வெளியே வரும்போது முன்பின் தெரியாதவர்களெல்லாம் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் அவள் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே கேட்டாள்: "இன்னிக்கு ஏண்டி சீக்கிரம் இடிச்சே? அந்த ஆளு குதிகாலை எறக்கவே இல்லயே."

"குதிகால்... உனக்கெப்படித் தெரியும்?"

"நல்லா கேட்டே. எல்லாரும் பாடுற மொகத்தைப் பாக்கும்போது நீ மட்டும் கீழயே பாத்துக்கிட்டிருக்கே. அங்க என்னதான் இருக்குன்னு நானும் பாத்தேன். அது ஆச்சு பத்துப் பன்னண்டு வருஷம்."

"தெரிஞ்சும் ஏன் தட்டினே?"

"நீ இடிச்சியே." மோதிரத்தை விரலில் திருகினாள். "நீ தப்பா இடிக்கமாட்டேன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். என்னுடையது என்று நான் ஒளித்து வைத்திருந்த ஒன்றும் அவளிடம் இருந்திருக்கிறது. பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து அன்றைய பாட்டை உரக்கப் பாடினாள். சுருதி சேரவே இல்லை. இருந்தும் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

இப்போதும் மாதம் தவறாமல் போகிறோம். மோதிரமும் கடிகாரமும் என் மடிக்கு வருகின்றன. குதிகால் இறங்கியதும் இடிக்கிறேன், சரியாகத்தான் இடிக்கிறேன். முதல் கைத்தட்டல் அவளுடையது. அவள்மேல் எனக்குள்ள பொறாமை கொஞ்சமும் குறையவில்லை.