பீடி தொடாத ஞானையன்

பாறசாலைப் பக்கம் எந்தச் சர்ச்சில் திருவிழா என்றாலும் ஞானையன் இருந்த பேண்டு செட்தான் வரும். ட்ரம்பெட் அவருக்கு. பீடியைத் தொட்டதே இல்லை. நெஞ்சு கெட்டுப்போகும் என்று மற்றவர்களையும் தடுப்பார். ஆனால் வாசிக்கப் போகுமுன் கஞ்சா புகைப்பது உண்டு. அது வெறும் பச்சிலை, மூச்சை நீட்டித் தரும் என்று நம்பினார்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் இருமல் பிடித்தது. காலையில் கோழை கோழையாகத் துப்பினார். ட்ரம்பெட் ஊதினால் பாட்டு முடியுமுன் நெஞ்சுக்குள் விசிலடித்தது. ஆஸ்பத்திரியில் பீடி, சிகரெட் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். கஞ்சாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சளியில் கிருமி தென்படாவிட்டாலும் காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். மாதக்கணக்கில் தின்றும் இருமல் நிற்கவில்லை. செய்தி பரவியதும் பேண்டு செட்டிலிருந்து விலக்கினார்கள். அவர் ஊதிய ட்ரம்பெட்டில் வாய் வைக்க ஒருவரும் துணியவில்லை.

கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, கொஞ்சம் சதையைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று, பீடி எத்தனை காலமாக என்றார். மனைவி புஷ்பபாய்தான் வாய் திறந்தாள்.

"பீடி இல்ல சாரே. கஞ்சா ஆக்கும்."

டாக்டர் மலையாளத்தில் நிதானமாக விளக்கினார். மூச்சுக்குழாயின் உள்தோலில் பொடி மயிர் உள்ள செல்கள் உண்டு. சளியையும் தூசியையும் மேலே தள்ளுவது அவைதான். புகை அவற்றை அழித்துவிட்டது. அந்த இடத்தில் சளி சுரக்கும் செல்கள் பெருகியிருக்கின்றன; சில இடம் வெளித்தோல் மாதிரி தடித்துக் கிடக்கிறது. காசநோய் இல்லவே இல்லை. புகையை விட்டால் இருமல் குறையும்.

விட்டார். குறைந்தது. அதற்குள் மகள் சிஜியைப் பெண் கேட்டவர்கள், அப்பனுக்கு டி.பி. என்று பின்வாங்கியிருந்தார்கள். தனக்கு அந்த நோயில்லை என்று அவர்களிடம் சொல்லப் புறப்பட்டார் ஞானையன்.

"பின்ன என்ன நோயின்னு கேட்டா என்ன சொல்லுவிய?" என்றாள் புஷ்பபாய். "டி.பி.ன்னா நாலுபேரு பாவம்னாவது நினைப்பினும். கஞ்சான்னா பிள்ளைய ஒருத்தரும் கேட்டு வரமாட்டினும்."

அடுக்களையில் நின்ற சிஜிக்கு அப்போதுதான் கஞ்சா விஷயம் தெரிந்தது. ஞானையன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, காட்டாக்கடையில் மனைவியை இழந்த ஒருவருக்குச் சிஜியைக் கட்டிக்கொடுத்தார்கள். டி.பி.க்காரர் பந்தியில் உட்கார வேண்டாம் என்று சம்பந்தி வீட்டார் ஞானையனிடம் ஆளனுப்பினார்கள். பந்தலுக்குப் பின்னால் தனியாக இலை போட்டார்கள். ஞானையன் இருமாமல் சாப்பிட்டு எழுந்தார். காரில் ஏறும்போது சிஜி அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாள்.