ஜரிகை கட்டிய ஒயர்

வீட்டில் இரண்டு தறி. ஒன்று என் கணவருடையது. இன்னொன்று அவர் அண்ணனுடையது. வீடும் அண்ணன் பேரில்தான்.

இரண்டு தறிக்கும் தார் சுற்றுவது நான். தார் என்பது, தறியில் இங்கும் அங்கும் பாயும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குச்சி. குறுக்கே ஓடும் பட்டு அதில்தான் இருக்கும். குச்சியைத் தையல் மிஷின் மோட்டார் சுழற்றும். நூலை இடமும் வலமும் நகர்த்திக் கொடுப்பது என் வலது கை.

சேவூர் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்தேன். மணிக்கட்டு எலும்பு சேர்ந்தது, ஆனால் கை பழையபடி வளையவில்லை. நூல் ஒரே இடத்தில் குவிந்தது. அப்படிப்பட்ட தார் தறியில் சரிந்து அறுந்துவிடும்.

அறுந்த தாரை மாமா, அதாவது கணவரின் அண்ணன், என் முன்னால் வீசினார்.

“அமாவாசை வரைக்கும் பாப்பேன். அப்புறம் போளூர்லருந்து என் மச்சினிச்சியும் அவ ஊட்டுக்காரனும் வருவாங்க. அவ சுத்துவா, அவன் நெய்வான். உங்க தறிய கழட்டிக்கோங்க.”

கணவர் தலையைக் குனிந்து நெய்துகொண்டிருந்தார். அண்ணன் பேசினால் எப்போதும் அப்படித்தான்.

பழைய பிரிண்டரில் ஒரு ஸ்டெப்பர் மோட்டார் இருக்கும் என்று போனில் பார்த்திருந்தேன். சொன்ன தூரம் நகரும், நிற்கும், திரும்பி வரும். என் கை செய்த வேலை அதுதான். காயலான் கடையிலிருந்து பிரிண்டர் வந்தது. மோட்டாரைக் கழற்றி, அதை ஓட்டுகிற போர்டும் வாங்கினேன்.

மோட்டாரில் நாலு ஒயர், இரண்டு ஜோடி. முதலில் ஜோடியைத் தப்பாகக் கொடுத்தேன். சுற்றாமல் நின்ற இடத்திலேயே நடுங்கியது.

“இன்னாமா, குளிர் ஜுரமா அதுக்கு?” என்றார் மாமா.

இரண்டு ஒயர் நுனியைச் சேர்த்துப் பிடித்து மோட்டார் அச்சைத் திருப்பினேன். ஜோடியாக இருந்தால் அச்சு இறுகும். இறுகியது. மாற்றிக் கொடுத்ததும் ஓடியது. நிறுத்திவிட்டு, முறுக்கிய இடங்களில் சுற்ற டேப் வாங்கக் கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது கருகல் நாற்றம். போர்டு போய்விட்டது. மாமா தறியில் இருந்தார்.

“யாரு கை வெச்சது?”

“உன் பேஜார் புடிச்ச பொட்டிய நான் ஏன் தொடணும்?”

“வேற யாருக்கு வயிறு எரியுது?”

அப்போதுதான் ஒயரைப் பார்த்தேன். நாலையும் ஒன்றாக்கி, கழிவு ஜரிகையால் அழகாகக் கட்டியிருந்தது. எங்கள் வீட்டில் சாவிக்கொத்து முதல் லைட் ஒயர் வரை எல்லாவற்றுக்கும் அதுதான் கயிறு. ஜரிகையில் வெள்ளியும் செம்பும் இருக்கின்றன, கரண்ட் பாயும். மூடாத முறுக்குகளை அது ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

“தொங்கிகினு இருந்துச்சி. கட்டிட்டு, சுவிட்ச் போட்டுப் பாத்தேன்” என்றார் கணவர்.

மாமா சிரித்தார். “உன் ஆளே உன் கதைய முடிச்சிட்டான். என்னாண்ட மன்னிப்பு கேளு.”

கேட்கவில்லை. கணவரை வேலூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

“புது போர்டு இல்லாம திரும்பி வந்து இறங்காதீங்க” என்றேன்.

புது போர்டைப் பூட்டி, டேப் சுற்றி, பருத்தி நூலால் கட்டினேன். இப்போது நூலை இடமும் வலமும் நகர்த்தியது மோட்டார்.

அமாவாசையன்று எங்கள் ஊரில் தறியில் உட்கார மாட்டார்கள். அதனால் மாமாவுக்கு நேரம் இருந்தது. கூடையிலிருந்த தார்களை ஒவ்வொன்றாக எடுத்து நூலை இழுத்துப் பார்த்தார். ஒன்றும் சரியவில்லை.

“எங்க தறிக்கும் சேத்துதான சுத்தின?”

கூடையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

“போளூருக்கு போன் போடுங்க மாமா. வர வேணாம்னு சொல்லுங்க. எனக்குக் கேக்கிற மாதிரி.”

முறைத்தார். நான் கூடையை விடவில்லை. அவர் போனை எடுத்தார்.